குறைந்த காசில் நத்தார் அட்டை: வன்னி மழையோடு ஒரு வழிகாட்டி

வீட்டிலேயே நத்தார் அட்டை செய்வதைப் பற்றி இணையத்தில் தேடினால் பனி விழும் ஊர்க்காரர்கள் செய்த வீடியோக்கள்தான் வரும். பைன் மரக்காய், பனிமான், கடையில் கிடைக்காத பத்து வகை நாடா. நமக்கு நத்தார் வருவது வடகீழ் மழைக்குள்ளே. கடதாசி நமுத்துப்போகும், பசை காயாது, நிறம் ஊறும், வெள்ளம் வந்தால் தபாலும் தாமதமாகும். போன நத்தாருக்கு இவ்வளவோடும் நான் மாரடித்தேன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் முதன்முதலாக அட்டை செய்யப் போகிறவர்கள் அவ்வளவு பாடுபடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்க முதல் ஒன்று. அட்டை செய்வதற்குக் காசு பெரிதாகப் போகாது. காசு போவது முத்திரைக்கும், பழுதாகி எறிகிற கடதாசிக்கும்தான். கீழே சொல்வதில் பாதிக்கு மேல் அந்த இரண்டையும் குறைப்பது பற்றியது.

1. முதலில் பெயர்களை எழுதுங்கள்

ஒரு பழைய கொப்பியை எடுத்து மூன்று பக்கங்களாகப் பிரியுங்கள். முதற்பக்கம் வெளிநாடு. இரண்டாவது உள்நாட்டில் தபாலில் போக வேண்டியவை. மூன்றாவது கையில் கொடுக்கக்கூடியவை. அயல் வீடுகள், கோயிலில் பார்க்கிறவர்கள், பள்ளிக்கூட ஒளிவிழாவுக்கு வருகிற ஆசிரியர்கள் எல்லாரும் மூன்றாம் பக்கத்துக்குப் போகட்டும்.

இதை முதலே செய்வதற்குக் காரணம் இருக்கிறது. உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கான முத்திரை 2022 ஓகஸ்டில் 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவானது. அந்தக் கணக்கில் இருபது அட்டைக்கு முத்திரை மட்டும் 1000 ரூபா. ஒரு பிரிஸ்டல் போட்டின் (அட்டை வெட்டுகிற தடித்த மட்டை) விலையை அதிலிருந்து வெட்டுகிற அட்டைகளின் எண்ணிக்கையால் பிரித்துப் பாருங்கள், முத்திரைக் காசின் பக்கத்தில்கூட வராது. ஆகவே இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு ஒவ்வொரு பெயராக நகர்த்துவதுதான் உண்மையான சிக்கனம். வவுனியாவில் ஐந்து உறவினர் இருந்தால் ஐந்து முத்திரை எதற்கு? அங்கே போகிற யாரிடமாவது ஒரே கட்டாகக் கொடுத்துவிடலாம்.

2. நாள் கணக்கு

செப்ரெம்பர்: சிறுபோக அறுவடை முடிகிற நேரம். அட்டையில் ஒட்டுவதற்கு வைக்கோல் எடுத்து வைப்பது இப்போதுதான்.

ஒக்ரோபர்: கடதாசி வாங்குங்கள், வெட்டுங்கள், மடியுங்கள். வெயில் எறிக்கிற கடைசி நாட்களைக் கடதாசி வேலைக்கு விடுங்கள்.

நவம்பர் முதல் வாரம்: வெளிநாட்டு அட்டைகள் தபாலில் போக வேண்டும். டிசம்பர் வரை வைத்திருந்தால் பொங்கலுக்குத்தான் போய்ச்சேரும்.

திருவருகைக்காலம் தொடங்கும் ஞாயிறு நவம்பர் கடைசியிலோ டிசம்பர் முதல் நாட்களிலோ வரும். அதற்குள் மிச்ச அட்டைகளில் ஒட்டுகிற வேலை எல்லாம் முடிந்திருக்கட்டும். அதன்பிறகு எழுதுகிற வேலை மட்டும்.

டிசம்பர் 10 அளவில் உள்நாட்டுத் தபால். ஞாயிறும் போயா நாளும் தபாலகம் இல்லை. டிசம்பரில் உந்துவப் போயா வருகிறது, கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

3. கடையில் வாங்குபவை

பிரிஸ்டல் போட், ஏ4 தாள், பைண்டர் கம் ஒரு சின்னப் போத்தல், ஒரு பிளேட், வெள்ளை போஸ்டர் கலர் ஒன்று. இவ்வளவு போதும். மினுங்கற்தூள் வாங்க வேண்டாம். அது உறைக்குள் உதிர்ந்து, அட்டையைத் திறக்கிறவரின் சோற்றுக் கோப்பை வரைக்கும் போகும்.

ஏ4 தாளைக் கட்டாக வாங்கத் தேவையில்லை. போட்டோக்கொப்பிக் கடைகளில் தனித்தாளாகத் தருவார்கள். பிரிஸ்டல் போட்டைச் சுருட்டி ரப்பர் பாண்ட் போட்டுத் தர விடாதீர்கள். சுருண்ட போட்டை மழைக்காலத்தில் நிமிர்த்துவது பெரும்பாடு. கடையிலேயே இரண்டாக வெட்டித் தரச் சொல்லி, பழைய கலண்டர் மட்டைக்குள் வைத்து, பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்பதை அடுத்த படியில் பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் சரிபாதியில் வெட்டிவிடுவார்.

வெள்ளி மினுக்கம் வேண்டுமென்றால் பால்மாப் பைக்கற்றின் உட்பக்கத்தைப் பாருங்கள். கழுவித் துடைத்து வைத்தால் நட்சத்திரம் வெட்ட நல்ல வெள்ளித்தாள். ஆனால் அதில் பைண்டர் கம் பிடிக்காது. இரண்டு பக்கமும் ஒட்டுகிற ரேப் வேண்டும்.

4. வெட்டுவதும் மடிப்பதும்

ஒரு அட்டைக்கு 21 செ.மீ நீளமும் 14.8 செ.மீ அகலமும் கொண்ட துண்டு தேவை. அதாவது ஏ4 தாளில் சரிபாதி. அதை நடுவில் மடித்தால் 10.5க்கு 14.8 செ.மீ அட்டை கிடைக்கும்.

போட்டின் அளவு கடைக்குக் கடை மாறும், அடிமட்டம் கொண்டுபோங்கள். 56க்கு 71 செ.மீ போட்டாக இருந்தால், 71 பக்கத்தில் 21 செ.மீ மூன்று தடவையும், 56 பக்கத்தில் 14.8 செ.மீ மூன்று தடவையும் அளவெடுங்கள். ஒன்பது அட்டை வரும். ஒரு பக்கத்தில் 11 செ.மீக்குச் சற்றுக் கூடிய நீளப் பட்டி மிஞ்சும். அதை எறியாதீர்கள், மடிக்காத ஒற்றை அட்டைகள் நாலு அதிலிருந்து எடுக்கலாம். கடையில் வெட்டச் சொல்ல வேண்டிய இடம் இந்தப் பட்டிதான், அல்லது 21 செ.மீ கோடுகளில் ஒன்று.

மடிக்கும் இடத்தில் அடிமட்டத்தை வைத்து, மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். கோடு இழுக்காமல் மடித்தால் போட் வெடித்து வெள்ளை நார் தெரியும். போட்டை மெதுவாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் இலகுவாக வளையும், மற்றப் பக்கம் முரண்டு பிடிக்கும். இலகுவாக வளைகிற திசையில் மடிப்பு வந்தால் ஈரலிப்பிலும் அட்டை கோணாமல் நிற்கும். எல்லா அட்டையிலும் அப்படி வராது, வருகிறவரை பார்க்கலாம்.

5. முன்பக்கப் படம்

மூன்று வழிகள் சொல்கிறேன். உங்களுக்கு இருக்கிற பொறுமையைப் பொறுத்து ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

வைக்கோல் வேலை

காசே இல்லாத, பார்ப்பதற்கு மிக அழகான வழி இதுதான். வைக்கோலைப் பிளந்து தட்டையாக்கி ஒட்டினால் பொன் நிறத்தில் மினுங்கும். பாலன் குடிலுக்குக் கூரை போடுகிற அதே வைக்கோல் அட்டையிலும் வருவது பொருத்தம்தானே.

வைக்கோல் எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்போது வயலில் மெசின்தான் வெட்டுகிறது. மெசினுக்குள்ளால் வந்த வைக்கோல் நசிந்து கிழிந்திருக்கும், ஒன்றுக்கும் உதவாது. மெசின் திரும்ப முடியாத வயல் மூலைகளில் கையால் வெட்டுவார்கள். அந்த வைக்கோலை ஒரு கட்டுக் கேட்டு வாங்குங்கள். ஒரு முறை மழையில் நனைந்த வைக்கோல் கறுத்துப் புள்ளி விழுந்துவிடும். அதனால்தான் செப்ரெம்பரிலேயே எடுங்கள் என்றேன். கதிர்ப் பக்கத்தை வெட்டிவிட்டு வையுங்கள், ஒரு நெல் மிஞ்சினாலும் எலி தேடி வரும்.

செய்கிற முறை இப்படி. கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் உள்ள துண்டை மட்டும் வெட்டியெடுங்கள். மேலே சுற்றியிருக்கும் சருகை உரித்துவிடுங்கள். இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறட்டும், தடித்த வைக்கோலென்றால் இன்னும் கொஞ்சம் கூட. பிறகு பிளேட்டால் நீளவாட்டில் கீறி விரித்து, கரண்டியின் முதுகால் உட்பக்கத்தை அழுத்தித் தேயுங்கள். ஈரம் போனதும், ஒரு பலகையில் வைத்து, மேலே பழைய துணி போட்டு, குறைந்த சூட்டில் ஸ்திரிக்கைப் பெட்டியை வையுங்கள். கொஞ்சம் கூட நேரம் வைத்தால் பொன் நிறம் மண்ணிறமாகும். குடில் மரத்துக்கும் ஒட்டகத்துக்கும் அந்த நிறம் நன்றாக வரும். கரண்ட் இல்லாத வீடென்றால் விரித்த வைக்கோல் நாடாக்களைப் பாரமான புத்தகத்துக்குள் இரண்டு நாள் வையுங்கள், மினுக்கம் சற்றுக் குறைவாக வரும், அவ்வளவுதான்.

தனித்தனி நாடாக்களை அட்டையில் நேராக ஒட்ட வேண்டாம். முதலில் ஒரு மெல்லிய தாளில் பைண்டர் கம் மெல்லிசாகப் பூசி, நாடாக்களை இடைவெளியில்லாமல் பக்கம் பக்கமாக அடுக்குங்கள். காய்ந்ததும் தாளின் பின்பக்கத்தில் நட்சத்திரத்தையோ குடிலையோ வரைந்து வெட்டுங்கள். அந்த வடிவத்தை அட்டையில் ஒட்டினால் முடிந்தது. கருநீல அல்லது கறுப்புப் போட்டில் வைக்கோல் நட்சத்திரம் ஒன்று மட்டும் போதும். வேறு எதுவும் சேர்க்காதீர்கள், கெட்டுவிடும்.

கவனிக்க: வைக்கோல், ஓலை, காய்ந்த இலை ஒட்டிய அட்டையை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பவே வேண்டாம். செடிகொடிப் பொருட்களை அங்கே தபாலிலேயே பிடித்துவிடுவார்கள், வைக்கோலும் அதில் சேரும். வேறு நாடுகளிலும் இப்படியான கட்டுப்பாடுகள் இருக்கின்றன. வெளிநாட்டுப் பட்டியலில் இருக்கிற எல்லாருக்கும் கடதாசியும் நிறமும் மட்டும் என்று வைத்துக்கொண்டால் தலையிடி இல்லை.

வெண்டிக்காய் அச்சு

பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இதுதான். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை நட்சத்திரம் தயாராக இருக்கிறது. கறிக்கு உதவாத முற்றின காயை எடுங்கள், பிஞ்சு நசிந்துவிடும். வெட்டின முகத்தைக் கடதாசியில் ஒற்றி, அரை மணித்தியாலம் அப்படியே விடுங்கள். இல்லாவிட்டால் அதன் வழுவழுப்பு நிறத்தோடு கலந்து வழியும். நிறத்துக்குள் காயைத் தோய்க்க வேண்டாம், தூரிகையால் முகத்தில் தடவி அச்சுக் குத்துங்கள். போஸ்டர் கலர் தண்ணீர் சேர்க்காமல் தடிப்பாக இருக்கட்டும். இருண்ட போட்டில் வெள்ளையாகப் பெரிய நட்சத்திரம் ஒன்று, நுனிப் பக்கத்தால் வெட்டிய சின்ன நட்சத்திரங்கள் நாலைந்து, கீழே பனைமரம் ஒன்று. பெத்லகேமும் வரும், பரந்தனும் வரும்.

மஞ்சள் தூளைக் கரைத்து நிறமாகப் பாவிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். வெளிச்சத்தில் மங்கிவிடும், சவர்க்காரக் கை பட்டால் சிவக்கும். வேண்டாம்.

போட்டோக்கொப்பி

அட்டை நிறையத் தேவை, நேரமில்லை என்றால் ஒரு ஏ4 தாளில் கறுப்புப் பேனையால் இரண்டு அட்டைக்கான கோட்டுப்படம் வரைந்து கொப்பி எடுங்கள். வரையும்போது படம் மடிப்பின் வலது பக்கத்தில் வர வேண்டும், மடித்தால் அதுதான் முன்பக்கம். போட்டில் நேராகக் கொப்பி அடிக்கலாமா என்று முதலில் கேளுங்கள். எல்லா மெசினும் தடித்த மட்டையை இழுக்காது. இழுக்காவிட்டால் சாதாரணத் தாளில் அடித்து வெட்டிப் போட்டில் ஒட்டுங்கள்.

கொப்பி மெசினின் கறுப்பு ஈரத்துக்கு அசையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நிறமாக அடித்தால் ஒரு மழைத்துளி போதும், மரியாளின் நீலம் யோசேப்பு வரை ஊறிவிடும். கடையில் நிறப் பிரிண்ட் எடுப்பதென்றாலும் லேசர் பிரிண்டரா என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

6. ஈரலிப்பு

வீட்டில் கோதுமை மா காய்ச்சிப் பசை செய்தால் மலிவுதான். ஆனால் மழைக்காலத்தில் அது காய நேரமெடுக்கும், பூஞ்சணம் பிடிக்கும், கரப்பான் தின்னும். உறை ஒட்ட மட்டும், அன்றன்றைக்குக் காய்ச்சிப் பாவியுங்கள். அட்டையின் முன்பக்கத்துக்கு பைண்டர் கம்தான். அதையும் விரலால் மெல்லிசாகத் தேயுங்கள், தடிப்பாகப் பூசினால் போட் அலையலையாக எழும்பும்.

ஒட்டியதும் பாரம் வைக்காதீர்கள். முதலில் திறந்த காற்றில் கை ஒட்டாத அளவுக்குக் காயட்டும், பிறகு இரண்டு வெற்றுத் தாள்களுக்கு நடுவில் வைத்துப் புத்தகப் பாரம் ஏற்றுங்கள். அடுப்புக்கு மேலே காய வைக்கலாம் என்று தோன்றும். விறகடுப்பென்றால் அட்டை மஞ்சளாகி, புகை மணத்தோடு போய்ச்சேரும்.

முடிந்த அட்டைகளை பிஸ்கற் ரின்னில் வையுங்கள். வறுத்து ஆறவிட்ட ஒரு பிடி அரிசியைத் துணியில் முடிந்து உள்ளே போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். வாரத்துக்கு ஒருமுறை அரிசியை மாற்றுங்கள்.

7. உள்ளே எழுதுவது

போல்பொயின்ற் பேனையால் எழுதுங்கள். ஜெல் பேனை அழகுதான், நனைந்தால் ஓடும்.

"நத்தார் வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதி உள்ளே வெறுமையாக விட்டால் கடை அட்டைக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பெறுகிறவரைப் பற்றி ஒரு வரி இருக்க வேண்டும். அவரின் கிணறு வெட்டி முடிந்ததா, மகள் ஓஎல் எழுதினாளா, இப்படி ஏதாவது. அப்புறம் ஒன்று: அந்த ஆண்டு சாவு நடந்த வீட்டுக்கு "மகிழ்ச்சி பொங்கட்டும்" என்ற அட்டையை அனுப்பாதீர்கள். அவர்களைப் பட்டியலில் இருந்து வெட்டவும் வேண்டாம். நட்சத்திரம் மட்டும் உள்ள அட்டையில், "உங்களை நினைத்துக்கொள்கிறோம், பூசையில் மன்றாடுவோம்" என்று எழுதினால் போதும். நமது ஊர்களில் இப்படியான வீடு பட்டியலில் ஒன்றாவது இருக்கும், முதலே குறித்து வையுங்கள்.

8. உறை

கடை உறை வாங்கலாம். ஆனால் ஒரு ஏ4 தாளில் ஒரு உறை வரும்போது எதற்கு?

தாளை நெடுக்காக வையுங்கள், 21 செ.மீ அகலம் உங்களுக்கு எதிரே. கீழிருந்து 11 செ.மீயில் ஒரு கோடு, 22 செ.மீயில் இன்னொரு கோடு, குறுக்கே பென்சிலால் போடுங்கள். இரண்டு ஓரத்திலும் 2.7 செ.மீ உள்ளே நெடுங்கோடு போடுங்கள். கீழ்ப் பகுதியிலும் மேல் பகுதியிலும் உள்ள ஓரத் துண்டுகளை வெட்டியெடுங்கள். நடுப்பகுதியில் மட்டும் இரண்டு காதுகள் மிஞ்சும். காதுகளை உள்ளே மடித்து, அவற்றின் மேல் பசை பூசி, கீழ்ப் பகுதியை மேலே மடித்து ஒட்டுங்கள். மேலே மிஞ்சுவது மூடி. அது நீளமாக இருக்கும், 5 செ.மீக்கு வெட்டிவிடுங்கள். உள்ளளவு 15.6க்கு 11 வரும், அட்டை தாராளமாகப் போகும்.

80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் கடதாசி 80 கிராம்) ஏ4 தாள் ஒன்று 5 கிராம். ஓரம் வெட்டிய உறை அதைவிடக் குறைவு. 200 ஜிஎஸ்எம் அளவான போட் அட்டை 6, 7 கிராம். ஆக மொத்தம் 11, 12 கிராமுக்குள். கடதாசி மெல்லியதாக இருப்பதால் எழுத்து வெளியே தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

9. முகவரி, முத்திரை, பற்றுச்சீட்டு

எல்லா அட்டையையும் செய்து முடிக்க முதல், ஒன்றை உறையோடு முழுதாகச் செய்து தபாலகத்தில் கொடுத்து நிறுக்கச் சொல்லுங்கள். உள்நாட்டுக்கு எவ்வளவு, நீங்கள் அனுப்பப் போகிற நாட்டுக்கு எவ்வளவு என்று இரண்டையும் கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். வெளிநாட்டுத் தபாலில் எடைப் படி ஒன்று ஏறினால் கட்டணமும் ஏறும். ஆகவே வெளிநாட்டுக்கு மெல்லிய அட்டையாகச் செய்யுங்கள். நத்தாருக்கான முத்திரையைத் தபால் திணைக்களம் வெளியிடுவதுண்டு. கேட்டுப் பாருங்கள், உறைக்கே ஒரு அழகு வரும்.

முகவரியில்தான் நமது பக்க அட்டைகள் தொலைகின்றன. வீட்டு இலக்கம் மட்டும் போதாது. 155ஆம் கட்டை, உருத்திரபுரத்தில் எந்த வாய்க்கால், குடியேற்றக் கிராமமென்றால் எந்த யுனிற், இவையெல்லாம் எழுத வேண்டும். கணேசபுரம் கிளிநொச்சியிலும் உண்டு, வவுனியாவிலும் உண்டு. ஆகவே கிராமம், அதற்குக் கடிதம் போகிற உப தபாலகம், மாவட்டம் என்று மூன்றையும் எழுதுங்கள். அஞ்சல் குறியீடும் போடுங்கள்: வவுனியா 43000, மன்னார் 41000, முல்லைத்தீவு 42000, யாழ்ப்பாணம் 40000. தெற்குக்கு அனுப்புவதென்றால் முகவரியை ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதுங்கள்.

அனுப்புகிறவரின் முகவரியை உறையின் பின்பக்கத்தில் எழுத மறக்க வேண்டாம். ஆள் இல்லாவிட்டால் அட்டை திரும்பி வரும், முகவரியும் சரியா பிழையா என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் பதிவுத் தபாலில் அனுப்புவது வீண் செலவு. உள்ளே படமோ பிறப்புச் சான்றிதழ்ப் பிரதியோ வைத்தால் மட்டும் பதிவு செய்து, பற்றுச்சீட்டை அந்தக் கொப்பியிலேயே ஒட்டி வையுங்கள். அட்டைக்குள் காசு வைக்காதீர்கள்.

கையில் கொடுப்பவற்றை நத்தார் இரவு வரை வைத்திருக்கத் தேவையில்லை. கரோல் குழு வீடு வீடாகப் போகும்போது உங்கள் வட்டாரத்து அட்டைகளை அவர்களிடம் கொடுத்துவிடலாம். கொடுக்க முதல் ஒவ்வொன்றையும் பொலித்தீனில் போட்டுவிடுங்கள். கரோல் இரவுகளில் மழை பெய்யாமல் இருந்ததை நான் கண்டதில்லை.

10. நேரம் தப்பிவிட்டால்

டிசம்பர் 20க்குப் பிறகு எதையும் தபாலில் போடாதீர்கள். வீதியில் வெள்ளமென்றால் இன்னும் முதலே நிறுத்துங்கள். உள்ளே எழுதாத வைக்கோல் அட்டைகள் மிஞ்சினால் அப்படியே ரின்னில் கிடக்கட்டும். ஜனவரி 14 அளவில் தைப்பொங்கல், வைக்கோல் அதற்கும் பொருத்தம்தான். குடில் வெட்டியவை பொங்கலுக்கு உதவாது. ஆகவே கடைசி ஐந்தாறு அட்டைகளில் குடிலை விட்டு நட்சத்திரமோ கதிரோ வெட்டி வைப்பது நல்லது. அவற்றையும் 5ஆம் திகதிக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள்.